நூற்று ஐம்பத்து மூன்று

“நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டைத் திருப்பி எடுக்கணும், சேர்.”

ஆய்வுகூடப் பொறுப்பாளர் கலாநிதி ஹாஷிம் தலையை நிமிர்த்தவில்லை. எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, பேனாவை மூடினார்.

“எந்த ரிப்போர்ட்?”

“ஊசிப்பாறைத் தோட்டத்துத் தேயிலை. மருந்து வாடைன்னு வந்தது.”

இப்போது நிமிர்ந்தார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று இதே மேசைக்கு முன்னால் என்னை நிறுத்தி அவர் சொன்ன முதல் வார்த்தையே இதைப் பற்றித்தான். “தனலெட்சுமி, நீங்க லயத்திலிருந்து போய் பட்டம் எடுத்து வந்திருக்கீங்க. பெரிய விஷயம். ஆனா இது ஆய்வுகூடம், சங்க ஆபீஸ் இல்ல. தோட்டத்து ஆட்களுக்காக எதையும் கேட்டுக்கொண்டு இந்த மேசைக்கு முன்னால ஒருநாளும் நிக்கக் கூடாது.” தலையாட்டியிருந்தேன். வேலை வேண்டுமென்றால் எல்லோரும் ஆட்டுகிற ஆட்டம் அது.

“அதுல என்ன பிழை?” என்றார்.

“கற்பூரம்னு எழுதியிருக்கீங்க. அது கற்பூரம் இல்ல.”

“எப்படித் தெரியும்?”

“தெரியாது சேர். தெரிஞ்சுக்கணும். மறுபடி ஓட்டணும். மெதேன் வாயுவில.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

விஷயம் இதுதான். ஓகஸ்ட் மாதம் ஊசிப்பாறைத் தோட்டத்திலிருந்து போன தேயிலையை வாங்கிய வெளிநாட்டுக் கம்பனி, ‘மருந்துக் கடை போல வாடை அடிக்கிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. அந்தத் தோட்டத்து நிர்வாகியாகப் புதிதாக வந்திருந்த துரை நேராக ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர் என்றால் எங்கள் தோட்டப்புறங்களில் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் ஜன்னலோரம் ஒரு தைல டின் இருந்தது. தலைவலிக்குப் பூசுகிற சாதாரணத் தைலம். அங்கே கொழுந்து பரப்புகிற பெண்கள் நான்கு பேர். தைலக் கையோடு கொழுந்தைத் தொட்டார்கள், தேயிலை கெட்டது என்று துரை முடிவு கட்டினார். சும்மா முடிவு கட்டினால் போதாது என்று கொஞ்சம் தேயிலையையும் அந்த டின்னைப் பற்றி ஒரு கடிதத்தையும் எங்களுக்கு அனுப்பினார். நான் சுகயீன விடுப்பில் இருந்த வாரம் கலாநிதி ஹாஷிமே கருவியை ஓட்டி, ‘கற்பூரம் உண்டு, தைலக் கலப்படமாக இருக்கலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நாளைக் காலையில் துரையின் ஆபீசில் விசாரணை. விசாரணை என்பது மரியாதைக்குச் சொல்வது. நாலு பேருக்கும் தோட்டத்துப் பதிவிலிருந்து பேர் வெட்டப்போகிறார்கள். பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. தோட்டம் கொடுத்த வரிசை வீட்டு ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பராவும் போகும். சட்டி பானையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

அந்த நாலு பேரில் ஒருத்தி என் சின்னம்மா, இராக்கம்மா. அதை நான் கலாநிதி ஹாஷிமிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரசாயனத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போயிருந்தபோது சின்னம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கோடரியைக் கீழே போட்டாள்.

“வாடி மெசினுக்காரி! ஒன் மெசினு எங்க நாலு பேரையும் காட்டிக் குடுத்துருச்சாமே. எங்க மூஞ்சிய அதுக்கு யாருடி காட்டுனது?”

“என்ன சின்னம்மா சொல்றீங்க?”

“பதுளையில இருக்குற மெசினே சொல்லிருச்சு, இனி நீங்க பேச ஒண்ணுமில்லன்னு துரை சொல்றாரு. பதுளையில எத்தன மெசினுடி இருக்கு? ஒன்னோடது ஒண்ணுதானே? ஊரெல்லாம் பெருமையடிச்சேனே, எங்கக்கா மகளுக்குத்தான் அந்த மெசினு பேசுறது வெளங்கும்னு.”

“தைலம் பூசுனீங்களா இல்லையா?”

“பூசாம? இந்தக் காத்துக்கு எவ பூசாம இருக்கா? கணக்கப்பிள்ளை பொஞ்சாதி நெத்தி பளபளன்னுதான் பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்தத் தாண்டிப் போறா. துரை பங்களா ஆயாவும்தான் பூசுறா. அப்ப துரை குடிக்கிற சூப்புலயும் வாடை வரணுமே!” என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பேர வெட்டுனா எங்கடி போறது?”

அழுகை எனக்கு வரவில்லை. கோபம்தான் வந்தது.

எங்கள் ஊவா மாகாணத்தில் வளர்ந்த எவரையும் கேளுங்கள். ஜூலை கடந்து அந்தக் காய்ந்த காற்று மலை தாண்டி வீசத் தொடங்கினால் இரண்டு காரியங்கள் நடக்கும். பெண்களுக்கு மண்டை பிளக்கும், தைலம் பூசுவார்கள். அதே நாட்களில் கொழுந்துக்கும் ஒரு மணம் வரும், குளிர்ச்சியாக, மூக்கில் ஏறுகிற மாதிரி. கிட்டத்தட்ட அதே தைல மணம். கொழும்பு ஏலத்தில் அந்த மணத்துக்கென்றே காத்திருந்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் துரை வந்தது களுத்துறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து. இது அவருக்கு முதல் காற்று. திருப்பி அனுப்பிய கம்பனியும் அதுவரை தாழ்நிலத்துப் பள்ளத்துத் தேயிலை மட்டுமே வாங்கிப் பழகியது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கருக்குத் தெரிந்திருக்கும். காற்றுக் காலத்துத் தேயிலையைச் சாதாத் தேயிலையோடு சேர்த்து அனுப்பியவர் அவர்தான்; வாயைத் திறந்தால் முதலில் அவர் பேர்தான் வெட்டுப்படும்.

சரி, எல்லோருக்கும் தெரிந்ததை விசாரணையில் போய்ச் சொன்னால் என்ன? “இது காத்து மணமுங்க” என்று சின்னம்மா சொல்வாள். “மெசின் கற்பூரம் என்கிறது” என்று துரை சொல்வார். மணத்துக்கும் மெசினுக்கும் சண்டை வந்தால் எது ஜெயிக்கும்?

அன்று சாயந்தரமே ஸ்டோருக்கு மேலே இருக்கிற மலையில் ஏறி, காற்று நேராக அடிக்கிற நிரையிலிருந்து ஒரு பை கொழுந்து கிள்ளினேன். சின்னம்மாவை வரவேண்டாம் என்றேன். சோப்பு மணம்கூடச் சேராதபடி, கிள்ளுமுன் கையைத் தண்ணீரில் மட்டும் கழுவியிருந்தேன். புறப்படும்போது அவளுடைய தைல டின்னையும் கேட்டு வாங்கினேன். துரை பிடித்தது ஒன்று. அவளிடம் அதே தைலம் இன்னொன்று இருந்தது. “தலவலியாடி?” என்றாள். “ஆமா, பெரிய தலவலி,” என்றேன்.

அந்தக் கொழுந்தைப் பதுளையில் என் அறையிலேயே வாட்டிக் கசக்கி உலர்த்தி, வியாழக்கிழமை ஆய்வுகூடத்தில் நீராவியில் வடித்து மணத்தைப் பிரித்து வைத்தேன். அதோடு கலாநிதி ஹாஷிமின் பதிவுத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். பார்த்த கணத்தில் எனக்குக் கைகால் பரபரத்தது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பதுளைக்கு மேலே, வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப் போன பங்களாவில்தான் எங்கள் ஆய்வுகூடம். அவர் சாப்பிட்ட மண்டபத்தில் இப்போது திணிவு நிறமாலைமானி நிற்கிறது. ஜேர்மன் பல்கலைக்கழகம் ஒன்று புதிதாக வாங்கிக்கொண்டு, பழையதை எங்களுக்குத் தந்தது. மூலக்கூறுகளின் எடை பார்க்கிற கருவி. தராசு என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூலக்கூறுக்கு மின்னேற்றம் கொடுத்தால்தான் இதில் நிறுக்க முடியும்.

மின்னேற்றம் கொடுக்கப் பழைய வழி, இலத்திரன் என்கிற எலக்ட்ரானால் ஓங்கி அடிப்பது. அடித்தால் மூலக்கூறு துண்டு துண்டாகும். ஒரே ஒரு பொருள் என்றால் துண்டுகளைப் பொறுக்கி இன்னார் என்று சொல்லிவிடலாம். தேயிலை மணம் ஒரே பொருளா? அதில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து அடித்தால், வெலிமடை மரக்கறி லொறி கவிழ்ந்த இடத்தில் எந்தக் கரட் யாருடைய தோட்டத்துக் கரட் என்று தேடுகிற கதைதான். கலவையை முன்கூட்டியே பிரித்துத் தருகிற துணைக்கருவி எங்களிடம் இருந்தது. வந்திறங்கிய மாதமே பழுதாகி, துணி போர்த்தி வைத்திருந்தோம்.

அதனால்தான் புது வழி. இரசாயன அயனாக்கம். அடியை முதலில் ஒரு வாயு வாங்கிக்கொள்ளும். அடிபட்ட வாயு ஒரு புரோத்தனை எடுத்துப் பக்கத்தில் வருகிற மூலக்கூறின் கையில் மெல்ல வைக்கும். மூலக்கூறு உடையாது. தன் எடையோடு ஒன்று கூடிக்கொண்டு முழுசாக வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு கோடு. எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும் ஒவ்வொருவரும் தன் எடையைச் சொல்லிக்கொண்டு வரிசையில் வருவார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போதும் அப்படித்தான்.

கற்பூரத்தின் எடை நூற்று ஐம்பத்து இரண்டு. ஒன்று கூட்டினால் நூற்று ஐம்பத்து மூன்று. கலாநிதி ஹாஷிமின் தாளில் அந்த இடத்தில் உயரமாக ஒரு கோடு இருந்தது. துரையின் கடிதத்தில் தைல டின் இருந்தது. தேடச் சொன்னதைத் தேடினார், கிடைத்தது, கையெழுத்துப் போட்டார்.

ஆனால் இந்த வரிசையில் ஒரு கோளாறு உண்டு. ஒரே எடையுள்ள இரண்டு பேர் வந்தால் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். நூற்று ஐம்பத்து இரண்டு எடையில் இன்னொரு ஆளும் இருக்கிறார். மெதைல் சலிசிலேற்று. குளிர்ச்சியாக, மூக்கில் ஏறுகிற மாதிரி மணக்கிற ஆள்!

ஆகவேதான் வெள்ளிக்கிழமை காலை அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“அவர் ஐசோபியூற்றேன் வாயுவில ஓட்டியிருக்கார்” என்று சொல்ல வந்து, அவரிடமே ‘அவர்’ என்று சொல்ல முடியாமல் தடுமாறினேன். “நீங்க ஐசோபியூற்றேன்ல ஓட்டியிருக்கீங்க சேர். அது ரொம்ப மெதுவான வாயு. எடையை மட்டும்தான் சொல்லும். மெதேன் கொஞ்சம் முரடு. புரோத்தனைக் கொடுக்கிற வேகத்தில ஒரு சின்னத் துண்டை உதிர்த்துவிடும். கற்பூரம்னா தண்ணி உதிரும், பதினெட்டு. சலிசிலேற்றுன்னா மெதனோல் உதிரும், முப்பத்திரண்டு. ரெண்டும் வேற வேற இடத்தில விழும்.”

“எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா?”

“இல்ல சேர். ஞாபகப்படுத்துறேன்.”

பக்கத்து அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. நளீரா காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. நளீராதான் கருவியை இயக்குகிறவள். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் புஹாரியின் மகள். கருவியின் குணம் எனக்குத் தெரிவதைவிட அவளுக்குத் தெரியும். அதன் கோபத்தையும் அவளே தாங்குகிறாள்.

கலாநிதி ஹாஷிம் மணியைப் பார்த்தார். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகிற நேரம். மேசை லாச்சியைத் திறந்து மெதேன் சிலிண்டரின் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“நான் போய் வர்றதுக்குள்ள ஓட்டுங்க. கற்பூரம் எண்டு வந்தா இந்தக் கதையை இதோட விடணும். தோட்டம் எண்ட வார்த்தையே உங்க வாயில வரக் கூடாது.”

“இல்லன்னு வந்தா?”

“வராது,” என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நளீரா ஓடி வந்தாள். “என்னடி இது? வந்து ஆறு மாசம் ஆகல்ல, பெரியவரோட பந்தயம் கட்டுற?”

“கருவியைக் குளிர வைக்கத் திரவ நைதரசன் இருக்கா?”

“புதன்கிழமை ரெயில்ல வந்த குடுவையில அரைவாசி ஈக்கு. நாளைக்குள்ள அதுவும் ஆவியாப் போயிடும். செல்லு, என்ன ஓட்டணும்?”

“முதல்ல தைலம்.”

டின்னைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள். “எங்கட உம்மாவும் இதத்தான் பூசுற. பக்கத்துல படுக்க ஏலாது.”

முதலில் மெதுவான வாயுவிலேயே ஓட்டினோம். அந்தப் பதிவுத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத ஒளியால் கருவி அதில் எழுதும். வெளியே வரும்போது தாள் வெறும் வெள்ளை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால், ஊதா நிறத்தில் கோடுகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். ரொம்ப நேரம் வெளிச்சத்தில் வைத்தால் முழுத்தாளும் கறுத்துவிடும். காத்திருக்கவும் வேண்டும், அவசரப்படவும் வேண்டும்.

நான் விரல் வைத்து எண்ணினேன். நூற்று முப்பத்தொன்பதில் ஒரு கோடு. அது மெந்தோல், மெதுவான வாயுவில்கூடத் தண்ணீரை உதிர்த்துவிடுகிற ஆள். நூற்று ஐம்பத்து மூன்று. நூற்று ஐம்பத்தைந்து, யூகலிப்டஸ். தைலக்காரர்கள் மூன்று பேரும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

“இப்ப துரையோட தேயிலை.”

நூற்று முப்பத்தொன்பது இல்லை. நூற்று ஐம்பத்தைந்து இல்லை. நூற்று ஐம்பத்து மூன்று மட்டும் ஒற்றைப் பனைமரம் மாதிரி நின்றது.

“தைலத்தில கையை வச்சா மூணும்ல ஒட்டும்? கற்பூரத்தை மட்டும் பொறுக்கியெடுத்தா சின்னம்மா பூசியிருப்பாங்க?” என்று கத்தினேன்.

“யாரு சின்னம்மா?” என்றாள் நளீரா.

நான் தாளை அவளிடம் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். “அப்பிடியா?” என்றாள். கையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெதேன் சிலிண்டரிடம் போனாள்.

வாயு மாற்றுவது லேசான காரியம் அல்ல. பழைய வாயு குழாயை விட்டு முழுதாகப் போக வேண்டும். புதியது ஊதி ஊதி நிதானத்துக்கு வர வேண்டும். அமுக்கமானியின் முள் ஆடிக்கொண்டே இருந்தது. நளீரா திருகைத் தொட்டுத் தொட்டு அதைத் திட்டினாள். “நில்லுடா. நில்லுடா சனியனே. பெரிய ஜேர்மன்காரன் இவரு.” முள் நின்றது.

“என்ன போட?”

கோயில் கடையில் வாங்கிய கற்பூரக் கட்டியை எடுத்தேன். நளீரா வாய்விட்டுச் சிரித்தாள். “சாமிக்கு முன்னால கொளுத்துறத இதுக்கு முன்னால கொளுத்தப் போறியா?”

“முதல்ல அது எப்படி உதிருதுன்னு பார்ப்போம்.”

கற்பூரம் சொன்னபடி கேட்டது. நூற்று ஐம்பத்து மூன்று, அதற்குக் கீழே நூற்று முப்பத்தைந்து. பதினெட்டு குறைந்திருக்கிறது. தண்ணீர்.

அடுத்து தேயிலை. தாள் வெள்ளையாக வெளியே வந்தது. நளீரா ஒரு முனையைப் பிடித்தாள், நான் மறுமுனையைப் பிடித்தேன், இருவருமாக விளக்குக்குக் கீழே போனோம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு ஈரச் சுவரில் பாசி படர்வது போல் ஊதா நிறம் மெல்ல ஏறியது. நூற்று ஐம்பத்து மூன்று முதலில் வந்தது. நான் அதற்குக் கீழே நூற்று முப்பத்தைந்தின் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் வெள்ளை.

“கீழ பாருடி! கீழ!” என்றாள் நளீரா.

நூற்று இருபத்தொன்று.

உயரமாக, ஊசி மாதிரி, சந்தேகமே இல்லாமல் நூற்று இருபத்தொன்று. முப்பத்திரண்டு குறைவு. மெதனோல்!

நான் போட்ட சத்தத்தில் தோட்டக்காரன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று பார்த்தான். நளீரா என்னைக் கட்டிப் பிடித்தாள். தாள் கசங்கப் போகிறது என்று அவளே விலக்கித் தள்ளினாள். வெள்ளைக்காரத் துரை சாப்பிட்ட மண்டபத்தில் இரண்டு பெண்கள் பைத்தியம் மாதிரி குதித்துக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பா, கோபமா, என்னவென்று தெரியவில்லை. பட்டமளிப்பு விழாவில்கூட இப்படி இருக்கவில்லை. அங்கே ஒரு கடதாசிதான் தந்தார்கள்.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றேன். “தேயிலையில சலிசிலேற்று இருக்குதுன்னா, அதையும் எவளோ பூசினான்னு சொல்லுவாங்க. என் கொழுந்தைப் போடு.”

நான் கிள்ளி, நான் வாட்டி, நான் வடித்தது. எந்தத் தைலக் கையும் படாதது. அதே வாயுவில் போட்டோம். நூற்று ஐம்பத்து மூன்று. நூற்று இருபத்தொன்று. துரையின் தேயிலையை அச்செடுத்த மாதிரி வந்தது. அந்த மணத்தைக் கொழுந்தே செய்திருக்கிறது. அந்தக் காற்றில் அது எப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக்கூடாது என்று அந்த நிமிடம் தோன்றியது.

கலாநிதி ஹாஷிம் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். நாங்கள் ஐந்து தாள்களையும் மேசைமேல் விரித்தோம்.

அவர் குனிந்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு, “தள்ளுங்க,” என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே கருவிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். தேயிலையை மறுபடி ஓட்டினார். தாள் வந்தது. விளக்குக்குக் கீழே போய் எங்களைப் போலவே காத்து நின்றார். கோடு எழும்பியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லமாட்டேன், அந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது.

“மெதனோல் இழப்பு!” என்றார். “இவ்வளவு சுத்தமா! தனலெட்சுமி, இது இலையிலயே உண்டாகுது. காத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் ஈக்கு. ஜூன் மாசத்துக் கொழுந்தோட ஒப்பிட்டுப் பாத்தா... இதக் கட்டுரையா எழுதுவோம். உங்க பேரு முதல்ல வரட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல.”

“சரி சேர். ரிப்போர்ட்?”

“என்ன ரிப்போர்ட்?”

“திருப்பி எடுக்க வேண்டிய ரிப்போர்ட்.”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். ஒரு பக்கம் இறக்கி, பொத்தான் போட்டு, மறுபக்கம்.

“உட்காருங்க,” என்றார்.

நான் உட்காரவில்லை.

“ரெண்டு மாசத்துல ஜேர்மன்காரங்க வர்றாங்க. இந்தக் கருவி இங்க இருக்கணுமா, கொழும்புக்குப் போகணுமா எண்டு பாக்கப் போறாங்க. நாம வெளிய அனுப்பின முதல் ரிப்போர்ட்டே பிழை எண்டு தெரிஞ்சா அண்டைக்கே லொறியில ஏத்திடுவாங்க. பதுளைக்கு எதுக்கு இந்தக் கருவி எண்டு கேக்கிறவங்க தலைமையகத்துல நிறையப் பேர். உங்களுக்கும் வேலையில்ல, நளீராவுக்கும் இல்ல.”

“பிழையை நாமளே கண்டுபிடிச்சோம்னு சொல்லலாமே சேர்.”

“சொல்லுவோம். அவங்க வந்து போன பிறகு. கட்டுரையில எழுதுவோம். வருஷக் கடைசியில ஒருத்தரை ஜேர்மனிக்குப் படிக்க அனுப்பணும். யாரை அனுப்பணும் எண்டு நான்தான் எழுதப் போறன். விளங்குதா?”

விளங்கியது. ஜேர்மனி. புதிய கருவிகள். காற்றில் இலை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு விடை. எனக்கு அது வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அது பொய்.

“நாளைக்கு விசாரணை,” என்றேன்.

“அது தோட்டத்து உள் விஷயம்.”

“உள் விஷயத்துக்குள்ள நம்ம ரிப்போர்ட் எதுக்குப் போச்சு?”

“நாலு பேர்தானே, தனலெட்சுமி. வேற தோட்டத்துல வேலை கிடைக்காதா?”

“வேற தோட்டத்துல பேர் பதியப் போனா, முன்னால பேரை ஏன் வெட்டினாங்கன்னு கேப்பாங்க. அதுக்குப் பதிலா நீங்க கையெழுத்துப் போட்டதைத்தான் காட்டுவாங்க. ஜேர்மன்காரங்க வந்து போகும்வரைக்கும் அவங்க எங்க படுக்கிறது? இந்தப் பங்களா வராந்தாவில படுக்கச் சொல்லவா?”

“சத்தம் போட வேணாம்.”

“நான் இன்னும் சத்தமே போடல்ல சேர்.”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே காற்று சவுக்கு மரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. “அந்த நாலு பேர்ல யாரோ உங்க சொந்தம். அப்பிடித்தானே?” என்றார்.

“ஒருத்தர் என் சின்னம்மா. மத்த மூணு பேரும் சொந்தமில்ல. அந்த மூணு பேருக்காக மட்டும் கேட்டா திருப்பி எடுப்பீங்களா?”

நான் காத்திருந்தேன், நியாயமாகச் சொன்னால் நிறையவே காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்தார். ஒரு கணம் நம்பினேன். காலையில் விட்ட வேலையின் அடுத்த வரியை எழுதத் தொடங்கினார்.

நான் மேசையிலிருந்த தாள்களைச் சுருட்டினேன். தைலம், கற்பூரம், துரையின் தேயிலை, என் கொழுந்து.

“அது ஆய்வுகூடத்துச் சொத்து,” என்றார் தலை நிமிராமல்.

“திருப்பிக் கொண்டுவந்து தர்றேன்.”

“கையெழுத்தில்லாத தாளை யார் நம்புவாங்க?”

“கையெழுத்து இருக்கும். என்னோடது. பீ.எஸ்.ஸி. போட்டே எழுதுவேன். நம்பலன்னா அந்த டின்னையும் தேயிலையையும் எடுத்துக்கிட்டு எந்த நாட்டு மெசினுக்கு வேணும்னாலும் அனுப்பச் சொல்லுவேன். எங்க ஓட்டினாலும் நூற்று இருபத்தொன்றுதான் வரும்.”

“உங்க தகுதிகாண் காலம் இன்னும் முடியல்ல.”

“தெரியும் சேர்.”

“திங்கக்கிழமை நீங்க இங்க வர்றதா இருந்தா—”

“வருவேன். உள்ள விடுறதா இல்லையான்னு நீங்க யோசிச்சு வைங்க.”

மண்டபத்தில் நளீரா சிலிண்டரை மூடிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த சுருளைப் பிடுங்கி, கறுப்புக் கடதாசியை இரண்டு சுற்றுச் சுற்றி, நூல் போட்டுக் கட்டினாள். “வெளியில விரிக்காத. கறுத்துப் போகும். அந்தாளுட ஆபீசுக்குள்ள போய், ஜன்னல மூடச் செல்லிட்டு விரி,” என்றாள். “எண்ணுறப்ப அவசரப்படாத. அவசரப்பட்டா ஒண்டு ரெண்ட விட்டுடுவ.”

“நீ மாட்டிக்கப்போற.”

“நான் வாயு மாத்தினன். அது எனட வேல,” என்று சொல்லி முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

வராந்தாவுக்கு வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். விசாரணையில் முதலில் எந்தத் தாளை விரிப்பது, துரை குறுக்கே பேசினால் என்ன சொல்வது, டீமேக்கரை எந்த இடத்தில் கேள்வி கேட்பது என்று மனம் ஓட ஆரம்பித்துவிட்டது. பண்டாரவளை பஸ்ஸைப் பிடித்தால் அங்கிருந்து ஊசிப்பாறை வழியாகப் பூனாகலைப் பாதையில் போகிற கடைசி பஸ் கிடைக்கும். பின்னால் கலாநிதி ஹாஷிம் என் பேரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார். நான் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தேன்.